பழைய ஜப்பானிய வாள் இறக்குமதி: 9307ஆ, 9706ஆ?

பாம்பன்காற்று

ஜப்பானிய வியாபாரியிடம் ஒரு வாக்கிசாஷி (குட்டை ஜப்பானிய வாள்) விலைபேசி இருக்கு. அலகு 48 செ.மீ. சொச்சம். பிடிக்குள்ள போற வால் பகுதியில ஒரு பக்கம் கொல்லன் பெயர், மறுபக்கம் புங்கா (ஜப்பானிய சகாப்தப் பெயர்) 5ஆம் ஆண்டு என்று வெட்டியிருக்கு. அரக்கு உறை, திருக்கைத் தோல் சுற்றிய பிடி. வந்து சேர வேண்டிய இடம் ராமநாதபுரம். எந்த வழியா வரவழைக்கிறது, கஸ்டம்ஸ்ல என்னென்ன கேட்பாங்க, எங்கே மாட்டும்? அனுபவக் கதை வேண்டாம், விவரம் போதும்.

துறைமுகத்தாள்

முதல்ல தலைப்பு எண்ணைப் புரிஞ்சுக்குங்க. சண்டை முழுக்க அங்கதான்.

சுங்கத் தீர்வை அட்டவணையில வாள், ஈட்டி, துப்பாக்கிக் கத்தி, அவற்றின் பாகங்கள், உறைகள் எல்லாத்துக்கும் 9307. நூறு வருஷத்தைத் தாண்டின பழம்பொருளுக்கு 9706. 93ஆம் அத்தியாயத்தின் முதல் குறிப்பிலேயே 9705, 9706இல் வரும் சேகரிப்புப் பொருளும் பழம்பொருளும் இந்த அத்தியாயத்துல சேராதுன்னு இருக்கு. அதனால நூறு வருஷத்துக்கு மேலன்னு நிரூபிச்சா வாள் 9307ஐ விட்டு வெளியே வந்துடும். நிரூபிக்க முடியலைன்னா அது வெறும் ஆயுதம்.

2022 முதல் 9706 இரண்டாப் பிரிஞ்சிருக்கு. 250 வருஷத்துக்கு மேல ஒண்ணு, மற்றவை ஒண்ணு. புங்கா 5 எந்த வருஷம்னு நாகாகோ வந்து சொல்லட்டும்.

வழி: ஒத்தை வாளுக்குக் கப்பல் வேண்டாம். தூத்துக்குடி கிட்டத்துல இருக்குன்னு எல்சிஎல்ல போட்டா, பல பேர் சரக்கோட ஒரே பெட்டியில வாரக்கணக்கா கடல்ல கிடக்கும். பெட்டிக்குள்ள ராத்திரி வேர்த்து மேற்தகட்டுல இருந்து தண்ணி சொட்டும். மெருகிட்ட அலகுக்கு அது போதும். பல கூரியர்காரங்க ஆயுதம்னு பார்த்தாலே எடுக்க மாட்டாங்க. எடுத்தாலும் பாதி வழியில திருப்பி விடுவாங்க. சரக்கு முகவர் மூலமா சென்னை விமானச் சரக்ககத்துக்கு வரவழைச்சு, உங்க பேர்ல பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி அறிவிப்பு) போடுறதுதான் நேர் வழி. சொந்த உபயோகத்துக்கு, வியாபாரத் தொடர்பு இல்லாம வரவழைக்கிறவருக்கு ஐஇசி எண் (இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீடு) தேவையில்லை. ஆதார், பான் போதும்.

நாகாகோ

புங்கா 1 என்பது 1804. ஆகவே புங்கா 5 = 1808. இருநூறு தாண்டியது, இருநூற்றைம்பது ஆகவில்லை. தேதியில் எட்டாம் மாதம் என்றோ இரண்டாம் மாதம் என்றோ இருந்தால் வியக்க வேண்டாம். ஜப்பானியக் கொல்லர்கள் மரபாக இந்த இரண்டு மாதங்களைத்தான் பெரும்பாலும் வெட்டுவார்கள். தேதி நிஜமா என்று மதிப்பீட்டு அதிகாரி கேட்டால் இதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

பலரும் தவறும் இடம் இது: வாளோடு வரும் தொரோகுஷோவை வயதுச் சான்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பதிவுச் சீட்டு மட்டுமே. 1958இன் துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி மாகாணக் கல்வி வாரியம் தருவது. பதிவு எண், வகை, அலகின் நீளம், வளைவு, ஆணித் துளைகளின் எண்ணிக்கை, வாலில் உள்ள எழுத்து, இவ்வளவே அதில் இருக்கும். செய்யப்பட்ட ஆண்டு என்று ஒரு கட்டம் கிடையாது. இன்றைக்கும் ஜப்பானில் உரிமம் பெற்ற கொல்லர்கள் புதிதாக வாள் அடிக்கிறார்கள். அந்தப் புது வாளுக்கும் இதே சீட்டுத்தான்.

இன்னொன்று, வாள் நாட்டை விட்டுக் கிளம்பும்போது தொரோகுஷோ அங்கேயே ஒப்படைக்கப்பட்டுவிடும். உங்கள் கைக்கு வராது. ஒப்படைக்கும் முன் இரு பக்கமும் தெளிவாக ஸ்கேன் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிறகு கேட்டால் வியாபாரியிடமும் இருக்காது.

ஏற்றுமதிக்குக் கலாச்சார முகமையான புங்காச்சோவின் சான்று வேண்டும். விண்ணப்பம் இரு படி, முழு அலகின் புகைப்படம், வாலின் புகைப்படம், தொரோகுஷோ மூலம். சில வாரம் ஆகும். தேசியப் பொக்கிஷம், முக்கியக் கலாச்சாரச் சொத்து என்று அறிவிக்கப்பட்டவற்றில் இது சேராது என்பதுதான் அந்தச் சான்றின் சாரம். இதுவும் வயதைச் சொல்வதில்லை.

பாம்பன்காற்று

அப்போ வயதை எது சொல்லும்?

நாகாகோ

நான்கு தாள்களைச் சேர்த்து ஒரே கட்டாக்க வேண்டும்.

ஒன்று, என்பிடிஎச்கே சான்று. 1948இல் தொடங்கிய ஜப்பானிய வாள் பாதுகாப்புச் சங்கம் அது. ஹோசோன், தொக்குபெத்சு ஹோசோன், ஜூயோ, தொக்குபெத்சு ஜூயோ என்று படி ஏறும். உங்களுக்கு ஹோசோனே போதும். ஆனால் அந்தத் தாளில் கொல்லன் பெயர் மட்டும் இருந்து ஆண்டு இல்லாமல் போகலாம். அதனால் இரண்டாவது, வாலின் இரு பக்கமும் அளவுகோல் வைத்து எடுத்த படம். மூன்றாவது, ஓஷிகாத்தா என்னும் வால் எழுத்தின் மசிப்படி, பக்கத்திலேயே எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்ப்பும் கிறிஸ்து ஆண்டும். நான்காவது, வியாபாரியின் பெயர் அச்சிட்ட கடிதத்தாளில் கையொப்பமிட்ட அறிக்கை: இன்ன கொல்லன், இன்ன ஆண்டு, இன்ன அளவு.

பெயர் இல்லாத வாள் என்றால் முதல் தாள் இல்லாமல் தொடவே வேண்டாம். பழைய நீள வாள்களை அடியில் வெட்டிக் குறுக்கியபோது எழுத்தும் சேர்ந்து போயிருக்கும். சுத்தமான, மதிப்பான வாள்கள் பல அப்படித்தான் இருக்கின்றன. அதை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு விளக்க ஒரு தாள் வேண்டும்.

வாலில் இருக்கும் கருந்துருவை யாரும் தேய்க்கக் கூடாது. ஏஜென்ட் பையன் “சுத்தமா காட்டலாம்” என்று உப்புத்தாளை எடுத்தால் கையைப் பிடியுங்கள். இருநூறு வருடத் துரு கரும்பழுப்பாக, வழவழப்பாக இருக்கும். அமிலம் ஊற்றிக் கிழடாக்கிய போலியில் செம்மஞ்சளாகப் பொடி உதிரும். கண்ணுக்குத் தெரியும் ஒரே வயதுச் சாட்சி அதுதான், விலையும் அதில்தான்.

தொண்டித்துறை

இவ்வளவு சுத்தி வளைக்கணுமா? இன்வாய்ஸ்ல “வீட்டு அலங்காரப் பொருள், உலோகம்”னு போட்டு, விலையைக் கொஞ்சம் கம்மி பண்ணி அனுப்பச் சொன்னா முடிஞ்சுது. ஆயிரம் பெட்டியில இதை யாரு பார்க்கப் போறா.

துறைமுகத்தாள்

மாப்ள, எக்ஸ்ரேயில வாள் வாளாத்தான் தெரியும். அரையடி காகிதத்துல என்ன எழுதினாலும் ஒண்ணரை அடி இரும்பு வளைஞ்சுதான் நிக்கும்.

அப்புறம் நடக்கிறதைக் கேளு. விவரமோ விலையோ பொய்னா சுங்கச் சட்டம் 1962, 111(எம்) பறிமுதல். 112 அபராதம். தெரிஞ்சே பொய்த் தாள் கொடுத்தா 114ஏஏ, பொருள் மதிப்பைப் போல ஐந்து மடங்கு வரைக்கும். எல்லாத்தையும் விடப் பெரிய நட்டம், பழம்பொருள்னு பின்னால நீ காட்டுற நல்ல தாளையும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. 125ஆம் பிரிவுல மீட்புத் தொகை கட்டி எடுக்கலாம்னு இருக்கு. ஆனா தடை செய்யப்பட்ட பொருள்னா அதைக் கொடுக்கிறதும் மறுக்கிறதும் அதிகாரி இஷ்டம்.

நேராப் போட்டாலே வரி ஒண்ணும் தலை போற அளவு இல்லை. 9706க்கு அடிப்படைத் தீர்வை 10 சதவீதம், அதன் மேல 10 சதவீதம் சமூக நல மேல்வரி. ஐஜிஎஸ்டி 12ஆ இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 5. காப்பீடு, வான்கூலி சேர்ந்து மதிப்பு 4,00,000னு வை. தீர்வை 40,000, மேல்வரி 4,000. ஐஜிஎஸ்டி 4,44,000 மேல 22,200. மொத்தம் 66,200. போடுறதுக்கு முந்தின நாள் அட்டவணையை ஒரு தடவை சரிபார்த்துக்கணும்.

வான்கூலி பற்றி ஒரு நல்ல விஷயம். நீளப் பெட்டி, தனிக் கவனிப்புன்னு கூலி ஏறும். ஆனா 2007 மதிப்பீட்டு விதி 10இன்படி, விமானத்துல வந்தா மதிப்போட சேர்க்கிற கூலி பொருள் விலையில 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மேல கொடுத்ததுக்கு வரி இல்லை. காப்பீட்டு ரசீது இல்லைன்னா 1.125 சதவீதம்னு அவங்களே போட்டுக்குவாங்க.

சேதுக்கரை

1940களின் ஜப்பானிய ராணுவ வாள் மலிவாக் கிடைக்குதே, அதுக்கும் இதே வழியா?

நாகாகோ

இல்லை. நூறு ஆண்டு ஆகவில்லை, 9706 கிடையாது. பித்தளைப் பிடியோ வார்ப்பு அலுமினியப் பிடியோ, அலகில் குத்திய வரிசை எண், ஆயுதச் சாலை முத்திரை, இவை இருந்தால் 1930, 40களின் இயந்திர வாள். ஜப்பானிலேயே அதற்குப் பதிவு தர மாட்டார்கள். பாரம்பரிய முறையில் அடித்த, கலைமதிப்புள்ள அலகுக்குத்தான் தொரோகுஷோ. சில ராணுவ உறைக்குள் குடும்பத்துப் பழைய அலகு இருப்பதும் உண்டு. ஆணியைத் தட்டி வாலைப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது.

கீழக்கரைகப்பல்

சுங்கத்தோட எண் மட்டும் பேசிக்கிட்டு இருக்கீங்க. ஆயுதச் சட்டத்தை யாரும் தொடலையே காக்கா.

ஆயுதச் சட்டம் 1959, 10ஆம் பிரிவு: உரிமம் இல்லாம கடல், தரை, வான் வழியா ஆயுதத்தை உள்ளே கொண்டு வரக் கூடாது. 2016 விதிகளின் முதல் அட்டவணையில ஐந்தாம் வகை, துப்பாக்கி அல்லாத கூர் ஆயுதங்கள். வாள் பேர் சொல்லியே இருக்கு. மற்றக் கத்திகளுக்கு 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம்னு ஒரு எல்லை. 9706ன்னு வகைப்படுத்திட்டா தீர்வை மாறும், ஆயுதம் ஆயுதம் இல்லைன்னு ஆயிடாது. இரண்டும் இரண்டு சட்டம். சுங்கச் சட்டம் 111(டி), வேற எந்தச் சட்டத்தோட தடையை மீறினாலும் பாயும்.

துறைமுகத்தாள்

ஆயுதச் சட்டத்துலயே 45(சி) இருக்கே அண்ணே. வழக்கொழிந்த அமைப்பு, பழம்பொருள் மதிப்பு, பழுது, இப்படிப்பட்ட ஆயுதம் சுடுகலனாப் பயன்படுத்த முடியாததா இருந்தா இந்தச் சட்டமே பொருந்தாதுன்னு. வாளை எந்தக் காலத்துல சுட முடியும்?

கீழக்கரைகப்பல்

அந்த வாசகத்தைத்தான் ஆளுக்கு ஒரு மாதிரி படிக்கிறாங்க. “எந்த ஆயுதமும்”னு தொடங்குது, அதனால வாளும் அடங்கும்னு நீங்க படிக்கிறீங்க. கடைசியில சுடுகலன்னு வருது, அதனால இது பழைய துப்பாக்கிக்கான விலக்குதான்னு எதிர்த்தரப்பு படிக்கும். வாசகம் நம்ம பக்கம்தான் சாயுதுன்னு நானும் நினைக்கிறேன். ஆனா சரக்கு ஷெட்ல நிக்கிற சுங்க அதிகாரிக்கு நம்ம வியாக்கியானம் தேவையில்லை, ஒரு தாள் தேவை.

அதனால காசு அனுப்புறதுக்கு முன்னால ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்துல எழுத்தா ஒரு மனு. ஆட்சியர் மாவட்டக் குற்றவியல் நடுவரும்தான், ஆயுத உரிமப் பிரிவு அவர் கீழ. மேல சொன்ன நான்கு தாள் நகல், அலகு நீளம், எந்த விமான நிலையம், எந்த முகவரியில வைக்கப் போறீங்க, எல்லாம் போட்டு, 45(சி) பொருந்துமா, இல்லை 10ஆம் பிரிவு உரிமம் வேணுமா, வேணும்னா யார்கிட்ட விண்ணப்பிக்கணும்னு நேரடியா மூணு கேள்வி. ஒப்புகைச் சீட்டு வாங்கிடுங்க. “பொருந்தும்”னு பதில் வந்தா தங்கம். “உரிமம் எடு”ன்னு வந்தா எடுத்துட்டுத்தான் வாள் கிளம்பணும். சரக்கு ஷெட்ல கிடக்கும்போது உரிமத்துக்கு அலையக் கூடாது. வந்திறங்கி 30 நாளுக்குள்ள எடுக்கலைன்னா சுங்கச் சட்டம் 48ஆம் பிரிவுப்படி நோட்டீஸ் கொடுத்து விற்கவே அதிகாரம் உண்டு. 49ஆம் பிரிவுல பொதுக் கிடங்குல வைக்க அனுமதி கேட்கலாம். ஆனா அங்கே வாளுக்கு எண்ணெய் போட யாரு இருக்கா?

துறைமுகத்தாள்

அதுல மறுப்பு இல்லை. தாள் கையில இருந்தா என் வேலை பாதி.

பில் போடுற முறையைச் சொல்லிடுறேன். இப்ப முகமறியா மதிப்பீடு. சென்னையில இறங்கின சரக்கை வேற ஊர்ல உட்கார்ந்து ஒருத்தர் மதிப்பிடுவார். அவர் வாளைப் பார்க்க மாட்டார், நீங்க ஏத்தின தாளைத்தான் பார்ப்பார். அதனால எல்லாத் தாளும் மொழிபெயர்ப்போட ஈ-சஞ்சித்ல (சுங்கத்துக்கு ஆவணம் ஏத்துற இணையத் தளம்) முதல்லயே ஏறணும். பிறகு ஏத்தலாம்னு விட்டா கேள்வி வரும், பதில் போடுவோம், மறு கேள்வி வரும், வாரம் ஓடும், ஷெட் வாடகை ஓடும்.

பில்லிலேயே ஃபர்ஸ்ட் செக் கேளுங்க. மதிப்பீட்டுக்கு முன்னாலயே ஷெட் அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்து, நீளம், எழுத்து, துரு எல்லாம் அறிக்கையா ஏத்திடுவார். மதிப்பிடுறவருக்கு அது கண்ணு மாதிரி. இல்லைன்னா அவர் பாதுகாப்பா 9307ன்னு மாத்திட்டுப் போயிடுவார்.

மாத்திட்டாருன்னா “சரி”ன்னு எழுத்துல ஒப்புக்கொள்ளாதீங்க. அவசரத்துல பல பேர் இதைத்தான் பண்றாங்க. ஒப்புக்கலைன்னா சுங்கச் சட்டம் 17(5)இன்படி 15 நாளுக்குள்ள காரணம் எழுதின உத்தரவு தரணும். அது கைக்கு வந்த 60 நாளுக்குள்ள 128ஆம் பிரிவுல ஆணையர் மேல்முறையீடு. ஒப்புக்கிட்டா அந்தக் கதவு உங்க கையாலயே சாத்தினது.

நாகாகோ

திறக்கும்போதுதான் அதிகச் சேதம். வெறுங்கையால் அலகைத் தொட்டால் மூன்றே நாளில் விரல்ரேகை துருவாகப் பதியும். அதை எடுக்க மெருகுக்காரரைத் தவிர வழியில்லை. பெட்டியின் மேலேயே ஒரு தாள் ஒட்டச் சொல்லுங்கள், படத்தோடு: மூங்கில் ஆணியை எந்தப் பக்கம் தட்டுவது, அலகை மேல்நோக்கி உருவுவது, முதுகுப்புறம் உறையில் சறுக்கி வர வேண்டும், கூர்ப்பக்கம் அல்ல. உள்ளே இரண்டு ஜோடிப் பருத்திக் கையுறை, ஆணி தட்டும் சிறு பித்தளைச் சுத்தி. கேட்காமலே கிடைத்தால் அதிகாரியும் பயன்படுத்துவார்.

இன்னொரு யோசனை, பாம்பன்காற்றுக்கு. அந்தத் திருக்கைத் தோல் பிடியை விட்டுவிட்டு, ஷிராசாயா எனும் வெறும் மரப் பிடி, மர உறையில் அலகை மட்டும் வாங்க முடியுமா பாருங்கள்.

பாம்பன்காற்று

தோலில் என்ன சிக்கல்? நம்ம மண்டபத்துல, பாம்பன்ல திருக்கை தினம் ஏலம் போகுதே.

கீழக்கரைகப்பல்

ஏலம் போற எல்லாத் திருக்கையும் ஒண்ணில்லை. வனவிலங்குச் சட்டத்துல முள் திருக்கை முதலாம் அட்டவணையில 2001லேயே வந்தாச்சு. அதோட முள்ளுத் தோல்தான் பல நாட்டுல வாள் பிடிக்குச் சுத்தினது. ஜப்பான்காரன் பிடியில இருக்கிறது பெரும்பாலும் வேற இனம். ஆனா அரக்கும் நாடாவும் சுத்தின இருநூறு வருஷத் தோலைப் பார்த்து இனம் சொல்ல யாரு இருக்கா? தோல்ன்னு ஒரு சொல் இன்வாய்ஸ்ல வந்ததும் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவோட கருத்துக்குப் போகும். வாள் உட்கார்ந்திருக்கும். தந்தம் பதிச்ச உறைன்னா பேச்சே இல்லை, விட்டுடணும். ஆமை ஓடும் அப்படியே.

நாகாகோ

ஷிராசாயா நமக்கு வேறு வகையிலும் நல்லது. மூச்சுவிடும் மரம், சேமிப்புக்கென்றே செய்தது. அரக்கு உறைக்குள் ராமேஸ்வரத்து உப்புக்காற்று புகுந்தால் வெளியேறாது. பெட்டிக்குச் சாதாரணப் பலகை வேண்டாம். மரப்பெட்டி என்றால் பூச்சி நீக்கிய ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்க வேண்டும். ஒட்டுப்பலகைக்கு அது தேவையில்லை, தடித்த பிவிசி குழாய் இன்னும் எளிது.

சேதுக்கரை

யாராவது டோக்கியோல இருந்து ஊருக்கு வரும்போது லக்கேஜ்ல கொடுத்தனுப்பலாமா?

துறைமுகத்தாள்

முடியாதுன்னு இல்லை, புத்திசாலித்தனம் இல்லை. கைப்பையில கிடையாது. பதிவு லக்கேஜ்னாலும் விமான நிறுவனத்தின் முன் ஒப்புதல் வேணும். அங்கே கிளம்பும்போது புங்காச்சோ சான்று, இங்கே இறங்கினதும் சிவப்புப் பாதை, சுங்கச் சட்டம் 77ஆம் பிரிவு அறிவிப்பு. லக்கேஜ்னா தலைப்பு 9803, அங்கே பழம்பொருள்னு வாதாட இடமே இல்லை. ஆயுதச் சட்டக் கேள்வி அப்படியே நிக்கும். அறிவிச்சும் தாள் போதலைன்னா 80ஆம் பிரிவுல நிறுத்தி வைக்கச் சொல்லி, திரும்பிப் போகும்போது எடுத்துட்டுப் போகலாம். கொண்டு வந்தவர் ஒரு வழி டிக்கெட்ல வந்திருந்தா?

கீழக்கரைகப்பல்

கஸ்டம்ஸ் முடிஞ்சதும் வேலை முடியலை. ராமநாதபுரத்துக்குள்ள வர்ற வழியைப் பாருங்க. நம்ம கடற்கரை தங்கக் கடத்தலுக்குப் பேர் போன கரை. கிழக்குக் கடற்கரைச் சாலையில வண்டியை நிறுத்தித் திறக்கிறது சாதாரணம். பில் ஆஃப் என்ட்ரி, வரி கட்டின செலான், அவுட் ஆஃப் சார்ஜ் (சரக்கை விடுவிக்கிற உத்தரவு), ஆட்சியர் அலுவலகப் பதில், நான்கும் அசலோட வண்டியில இருக்கணும். பெட்டி சீல் பிரியாம, டிக்கியில, பகல்ல.

தேதியையும் பாருங்க. செப்டம்பர் 11 பரமக்குடி, அக்டோபர் 30 பசும்பொன். இரண்டையும் ஒட்டி மாவட்டத்துல வருஷா வருஷம் தடை உத்தரவு வரும். முன்ன 144, இப்ப பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 163. அந்த இரண்டு மாசத்துல உரிமம் இருந்தாலும் இல்லைன்னாலும் வாளோட சாலையில நிக்காதீங்க. கொள்முதலை நவம்பருக்கு மேல வர்ற மாதிரி வைங்க. ஆனா அப்ப வடகிழக்குப் பருவமழை, ஈரம். ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல் போதும், தடை உத்தரவுக்கு எதுவும் போதாது.

பாம்பன்காற்று

வந்த பிறகு மெருகு போட ஜப்பானுக்கே திருப்பி அனுப்ப முடியுமா?

கீழக்கரைகப்பல்

அதை வாங்குறதுக்கு முன்னாலயே யோசிங்க. 1972இன் தொல்பொருள், கலைப்பொக்கிஷச் சட்டம் தொல்பொருளை நூறு வருஷத்தால வரையறுக்குது. கைவினைப் பொருளும் அதுல அடங்கும். இந்தியாவுல செஞ்சது, வெளியில செஞ்சதுன்னு வரையறையில பிரிக்கலை. தனியார் ஏற்றுமதிக்கு 3ஆம் பிரிவுல தடை. எந்த வயதைச் சொல்லி 9706ல உள்ளே கொண்டு வந்தீங்களோ, அதே வயது வெளியே விடாது. மெருகு வேணும்னா அங்கேயே போட்டு முடிச்சு வரட்டும். பில் ஆஃப் என்ட்ரியை லேமினேட் பண்ணாம, பத்திரமா வைங்க. உள்ளே வந்த தேதிக்கு அதுதான் ஒரே சாட்சி.

நாகாகோ

ஆமாம், மெருகு அங்கேயே. இங்கே வந்ததும் பழைய எண்ணெயைத் துடைத்துச் சோஜி எண்ணெய் மெல்லிய படலமாக. பெயர் கிராம்பு எண்ணெய்தான், ஆனால் நாட்டுமருந்துக் கடைக் கிராம்புத் தைலத்தைப் பூசிவிடாதீர்கள். அது கனிம எண்ணெயில் கொஞ்சம் கிராம்பு கலந்தது. கடலிலிருந்து தள்ளி இருக்கும் ஊரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்றால் பாம்பன் பாலத்துப் பக்கம் மாதம் ஒருமுறை. வாலுக்கு எண்ணெய் வேண்டாம்.

பாம்பன்காற்று

சரி. ஷிராசாயாவில் அலகு மட்டும், மெருகு அங்கேயே, நான்கு தாள், முதலில் ஆட்சியர் அலுவலக மனு. இன்வாய்ஸில் “பழைய ஜப்பானிய வாள், வாக்கிசாஷி, எஃகு அலகு, மர உறை, 1808இல் செய்தது, அலகு 48 செ.மீ., கொல்லன் பெயரும் தேதியும் வாலில், தனிச் சேகரிப்புக்கு” என்று போடச் சொல்கிறேன்.

துறைமுகத்தாள்

வாசகம் சரி. 48ன்னு முழு எண்ணாப் போடாதீங்க. தொரோகுஷோல 48.2ன்னு இருந்தா இன்வாய்ஸ், புங்காச்சோ சான்று, பேக்கிங் லிஸ்ட், ஆட்சியர் மனு எல்லாத்துலயும் 48.2. பிடியோட சேர்த்து அளக்கிற ஷெட் ஆளுக்காக, “முனையிலிருந்து அலகின் முதுகுத் தோள் வரை நேர்கோட்டில்”னு அளந்த விதத்தையும் ஒரு வரி சேர்த்துடுங்க.